தேடி வந்த நகரம்

இந்நாட்டின் பழங்குடி மக்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் நம் மனக்கண்முன் தோன்றுவன காடும் மலையுமே. வில்லும் அம்பும், தேனும் தினையும், குறிஞ்சித் திணையைப் பற்றிப் பள்ளியில் படித்த பாடமும் நம் உள்ளத்தில் ஊறிப்போயிருக்கின்றன. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு வேறொரு செய்தியையும் கூறுகின்றது. அவ்வாண்டில் இந்தியாவில் வாழ்ந்த பழங்குடியினர் 10 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஒரு கோடிக்கு மேற்பட்டோர், அதாவது பத்தில் ஒருவர், நகரவாசிகள். தமிழகத்துக்கு வெளியே பிழைப்பு நாடி வந்து வாழும் நாம் இவர்களை அன்றாடம் காண்கிறோம். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணாகவும், எழும்பிவரும் மாடிக் கட்டடத்தில் செங்கல் சுமப்பவராகவும், மருத்துவமனையில் தாதியாகவும், அலுவலகத்தில் அடுத்த மேசை எழுத்தராகவும் அவர்கள் நம்முடன் பழகுகின்றனர். ஆயினும் அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று நாம் கேட்பதுண்டே தவிர, நாம் குடியிருக்கும் இடம் எவருடைய ஊராக இருந்தது என்று கேட்பதில்லை.

நகரத்தில் வாழும் பழங்குடியினரில் இரு வகையினர் உண்டு. நகரத்தைத் தேடிச் சென்றவர் ஒரு வகை. நகரம் தேடி வந்தவர் மற்றொரு வகை. முதல் வகையினரின் கதை நமக்குப் பழக்கமானது, ஏனெனில் அது நம் கதையும் ஆகும். இரண்டாம் வகையினரோ தம் ஊரை விட்டு ஓர் அடியும் நகராமல், ஒரே தலைமுறைக்குள் அயலூரில் குடியிருப்பவர்போல் ஆனவர்கள். வரலாற்று நூல்கள் இவர்களைப் பற்றி அதிகமாகப் பேசுவதில்லை. ஆலை பிறந்த நாளும் அணை திறந்த நாளும் நூல்களில் உண்டு. அங்கிருந்த ஊர் மறைந்த நாளை யாரும் குறித்துவைக்கவில்லை.

தேடிச் சென்றவர்களின் கதையை முதலில் சிறிது தொட்டுச் செல்வோம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சோட்டாநாகபுரி மேட்டுநிலத்திலிருந்து மலைவாழ் மக்கள் ஆண்டுதோறும் அறுவடைக்குப் பின் கல்கத்தாவுக்கு இறங்கி வந்து, சாக்கடை துப்புரவு, சாலை வேலை, அவுரித் தொழிற்சாலை வேலை ஆகியவற்றைச் செய்து ஊர் திரும்புவது வழக்கமாக இருந்தது. 'தாங்கர்' என்ற பொதுப்பெயரால் வெள்ளையர் அவர்களைக் குறித்தனர். ஒராவோன், முண்டா என்ற வேறுபாடெல்லாம் அந்த ஒரு பெயரில் கரைந்துபோயிற்று. 1834ஆம் ஆண்டில் 'அட்லஸ்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 தொழிலாளரை ஒப்பந்தக் கூலிகளாக மொரீஷியஸ் தீவுக்கு ஏற்றிச் சென்றது. அந்த முதற் கூட்டத்தினர் இம்மலைவாழ் மக்களே. நம் முன்னோர் அதே தீவின் கரும்புத் தோட்டங்களுக்கும், இலங்கையின் தேயிலை மலைகளுக்கும் சென்ற துயரக் கதையை நாம் அறிவோம். அதே காலத்தில், அதே வகை ஒப்பந்தத்தில் கைநாட்டு இட்டவர்கள் இவர்களும் என்பதை நம்மில் அறிந்தோர் சிலரே.

இனி நகரம் தேடி வந்தவர்களிடம் வருவோம். இதற்கு ஜாம்ஷெட்பூரைக் காட்டிலும் தெளிவான சான்று வேறில்லை.

1904ஆம் ஆண்டில் பிரமதநாத் போஸ் என்ற நிலவியல் அறிஞர் மயூர்பஞ்ச் சமஸ்தானத்தின் கோருமகிசானி மலையில் சிறந்த இரும்புத்தாது இருப்பதாக ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்கு எழுதினார். ஜாம்ஷெட்ஜி அவ்வாண்டே காலமானார். அவருடைய மைந்தர் தோராப்ஜி 1907இல் கம்பெனியைப் பதிவு செய்தார். சுவர்ணரேகா, கர்காய் என்ற இரு நதிகள் கூடும் இடத்துக்கு அருகில், காளிமாட்டி என்ற சிறு ரயில் நிலையத்தை அடுத்திருந்த சாக்சி என்னும் சிற்றூர் ஆலைக்கு உரிய இடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தாதுவும் நிலக்கரியும் எட்டும் தொலைவில் இருந்தன; நீர் வற்றாத ஆறு பக்கத்தில் ஓடிற்று; ரயில் பாதையும் இருந்தது. பொறியியல் நோக்கில் அதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திராது. 1908இல் வேலை தொடங்கி, 1911 டிசம்பரில் முதல் இரும்பும் 1912 பிப்ரவரியில் முதல் எஃகும் வெளிவந்தன. முதல் உலகப் போரில் இவ்வாலை தந்த தண்டவாளங்களுக்கு நன்றி கூறும் வகையில், 1919 ஜனவரி 2ஆம் நாள் வைஸ்ராய் செம்ஸ்போர்டு பிரபு சாக்சிக்கு ஜாம்ஷெட்பூர் என்று புதுப்பெயர் சூட்டினார். காளிமாட்டி நிலையமும் டாட்டாநகர் ஆயிற்று.

இவ்வளவும் நூல்களில் உண்டு. சாக்சி ஆளில்லாக் காடாகக் கிடந்தது என்று சிலர் எழுதிவிடுவதுதான் பிழை. அங்கும் சுற்றிலும் சந்தால், ஹோ, பூமிஜ் மக்களின் ஊர்கள் இருந்தன. நெல் விளைந்தது, மாடு மேய்ந்தது, சாலமரத் தோப்பில் தெய்வங்கள் உறைந்தன. அந்த ஊர்ப் பெயர்கள் இன்றும் நகரத்தின் பேட்டைப் பெயர்களாக உயிரோடு இருக்கின்றன: சாக்சி, கதமா, சோனாரி, ஜுக்சலாய், பேல்டீ, பாரிடீ, புயாண்டீ. 'டீ' என்று முடியும் இப்பெயர்களில் அவ்விகுதிக்கு மனிதர் குடியிருக்கும் இடம் என்பது பொருள். நம் ஊர்ப்பெயர்களில் வரும் 'பட்டி', 'பாடி' போன்றது. ஊர் போனாலும் பெயர் போகாது என்பதற்கு, பேருந்து நடத்துநர் நாள்தோறும் கூவும் இப்பெயர்களே சாட்சி.

1911இல் அவ்விடத்து மக்கள்தொகை 6,000க்கும் குறைவு. 1921இல் அது 57,000ஐத் தாண்டிற்று. பத்தே ஆண்டுகளில் நேர்ந்த இந்தப் பெருக்கம் எப்படிப்பட்டது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் உலைத் தலைவர்கள் வந்தனர். வங்காளத்திலிருந்து எழுத்தர்களும், பஞ்சாபிலிருந்து கம்மியர்களும், ஆந்திரத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் ரயில் வழியாகப் பல திறத்தினரும் வந்தனர். வந்தவர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு கோயிலையும் சங்கத்தையும் பள்ளியையும் பத்து ஆண்டுகள் முன்பின்னாக ஏற்படுத்திக்கொண்டனர். அவ்விடத்தின் மண்ணுக்குரியவர்களுக்கோ கிடைத்தவை தலைச்சுமை வேலையும் மண்வெட்டியும். கூலி என்றால் ஆண், 'ரேஜா' என்றால் பெண் என்று வடநாட்டு வேலைத்தலங்களில் ஒரு வழக்கு உண்டு. நிலக்கரியும் தாதும் கல்லும் கூடைகூடையாகச் சுமந்த ரேஜாக்களில் சந்தால், ஹோ பெண்கள் மிகப் பலர்.

அவர்கள் ஏன் உலைமேடைக்கும் கடைசல் பட்டறைக்கும் ஏறவில்லை? அவர்களுக்கு அத்திறன் இல்லை என்று அந்நாளைய அதிகாரிகள் எளிதாகச் சொல்லிவிட்டனர். அது பொருந்தாத கூற்று. இரும்பை உருக்கும் கலையைச் சோட்டாநாகபுரி மேட்டுநிலத்தின் அசுரர் முதலிய பழங்குடியினர் களிமண் உலையும் துருத்தியும் கொண்டு பல தலைமுறைகளாகப் பயின்றவர்கள். குறைந்தது கலையன்று, பள்ளிக்கூடம். வெளியூரிலிருந்து வந்தவர் சான்றிதழோடு வந்தார். ஊர்க்காரருக்கு அதைத் தரும் பள்ளி ஆலைக்குப் பின்னரே வந்தது. வந்த பின்னும் அது அவர் மொழியில் கற்பிக்கவில்லை. நாம் இங்கே முன்னேறியதற்கு நம் உழைப்புக் காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஊரிலேயே ஓர் உயர்நிலைப்பள்ளியும், ஆங்கிலம் கற்பித்த ஓர் ஆசிரியரும் நமக்கு முன்கூட்டியே வாய்த்திருந்தார்கள் என்பதும் உண்மை.

காலப்போக்கில் இயந்திரங்கள் பெருகியபோது கூடைக்கு வேலை குறைந்தது. முதலில் வேலை இழந்தவர்கள் ரேஜாக்கள். 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் அவ்வாலையே 'தேஜஸ்வினி' என்ற பெயரில் ஒரு பயிற்சித் திட்டத்தை நடத்தி, சுமைப் பெண்கள் பலரைப் பளுதூக்கி வண்டிகளையும் பாரந்தூக்கிகளையும் இயக்குவோராக்கியது. எழுத்தறிவே இல்லாத நடுவயதுப் பெண்களும் அப்பயிற்சியில் தேறினர். ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இதைச் செய்திருக்கலாகாதா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஜாம்ஷெட்பூரின் கதை இவ்வாறாக, ராஞ்சியின் கதை வேறு வகையானது. அது ஆலையால் பிறந்த ஊரன்று; ஆங்கிலேயரின் ஆட்சித் தலைமையிடமாக வளர்ந்த ஊர். 1845இல் ஜெர்மானியப் பாதிரிமார் நால்வர் அங்கு வந்து சேர்ந்தனர். பின்னர் 1885இல் கான்ஸ்டன்ட் லீவன்ஸ் என்ற ஏசுசபைத் துறவி வந்து, நில வழக்குகளில் முண்டா, ஒராவோன் உழவர்களுக்குத் துணை நின்றார். சமயம் எதுவாயினும், இம்மக்களிடையே பள்ளியும் விடுதியும் முதலில் பரவியது இவ்வழியேதான். ஆகையால் ராஞ்சியில் ஆசிரியர், வழக்கறிஞர், தாதியர், அலுவலர் எனப் படித்த ஆதிவாசி நடுத்தர வகுப்பொன்று பிற நகரங்களைவிட முன்னதாகவே உருவாயிற்று.

நிலத்தைப் பற்றிய முண்டா மக்களின் எண்ணம் நமக்குப் புதிதன்று. காட்டைத் திருத்தி ஊரமைத்த குலத்துக்கே அவ்வூர் நிலம் உரியது என்பது அவர்கள் வழக்கம். அதற்குக் 'குண்ட்கட்டி' என்று பெயர். குலத்து முன்னோரின் எலும்புகளைப் புதைத்து மேலே பெருங்கல் கிடத்தும் இடம் 'சசந்திரி'. அந்தக் கற்களே தம் பட்டா என்று அவர்கள் கூறுவர். நடுகல் நாட்டிய மரபினராகிய நமக்கு இது விளங்காமற் போகாது. ஆனால் ஆங்கிலேயரின் நீதிமன்றத்துக்கு விளங்கவில்லை. அது தாளில் எழுதிய பட்டாவைக் கேட்டது. தாள் ஜமீன்தாரிடம் இருந்தது. இந்த முரண்பாடு முற்றி 1899ஆம் ஆண்டின் இறுதியில் பிர்சா முண்டாவின் பெருங்கிளர்ச்சியாக வெடித்தது. 1900 ஜூன் 9ஆம் நாள் பிர்சா ராஞ்சிச் சிறையில் மாண்டார். அப்போது அவருக்கு வயது இருபத்துநான்கு. நகரத்தின் கோகர் பகுதியில் அவருடைய சமாதி இருக்கின்றது. அச்சிறை பின்னர் அருங்காட்சியகமாக்கப்பட்டு 2021 நவம்பரில் திறக்கப்பட்டது.

பிர்சாவின் கிளர்ச்சி வீண்போகவில்லை. 1908இல் சோட்டாநாகபுரிக் குத்தகைச் சட்டம் பிறந்தது. ஆதிவாசியின் நிலத்தை ஆதிவாசி அல்லாதார் வாங்குவதை அச்சட்டம் தடுக்கிறது. ஆதிவாசிக்கே விற்பதாயினும் அதே காவல்நிலைய எல்லைக்குள் வாழ்பவருக்கு, மாவட்ட ஆட்சியரின் அனுமதியோடுதான் விற்கலாம். சட்டம் இத்துணைக் கடுமையாக இருக்க, ராஞ்சி நகரம் எவ்வாறு இவ்வளவு விரிந்தது? சட்டத்தின் சந்துகளின் வழியேதான். அரசு பொதுக் காரியத்துக்கென எடுத்துக்கொண்டால் சட்டம் தடுப்பதில்லை. நீண்ட காலக் குத்தகை என்ற பெயரில் சில நிலங்கள் கைமாறின. வெள்ளைத்தாளில் எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொண்டு வீடு கட்டியோர் பலர். வீடு எழுந்துவிட்ட பின் நிலத்தை மீட்பது எளிதா? 1969இல் இயற்றிய ஒழுங்குமுறையின்படி நிலத்தை மீட்டுத் தரத் தனி மன்றங்கள் ஏற்பட்டன. அங்கும் பல வழக்குகளில் நிலத்துக்குப் பதில் ஈட்டுத்தொகையே கிடைத்தது. மறுபுறம், இச்சட்டத்தால் ஆதிவாசி தன் நிலத்தை அடமானம் வைத்து வங்கியில் கடன் பெறுவதும் கடினமாயிற்று. வீடு கட்டக் கடன் கேட்டுச் செல்லும் ஆதிவாசி ஆசிரியர் ஒருவர் வெறுங்கையோடு திரும்ப, அவர் பாட்டனின் வயலில் எழுந்த அடுக்குமாடி வீட்டுக்கு வெளியூர்க்காரர் கடன் பெறுவதுண்டு. இதைக் காட்டிச் சட்டத்தைத் தளர்த்தவேண்டும் என்போர் உளர். தளர்த்தினால் எஞ்சியதும் போய்விடும் என்று அஞ்சுவோரே ஆதிவாசிகளில் பெரும்பாலோர், அவ்வச்சம் காரணமற்றதன்று. 2016இல் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்துக்கு எதிர்ப்பு வலுத்து, 2017இல் அப்போதைய ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பினார். அந்த ஆளுநர் திரௌபதி முர்மு, மயூர்பஞ்சில் பிறந்த சந்தால் பெண்மணி.

ராஞ்சியின் தெற்கே ஹட்டியா, துர்வா என்ற பகுதிகளில் நம்மவர் பலர் வாழ்ந்து பணியாற்றியிருக்கின்றனர். 1958இல் அங்கே கனரகப் பொறியியல் கழகம் என்ற பொதுத்துறை நிறுவனம் அமைந்தது. சோவியத் ஒன்றியமும் செக்கோஸ்லோவாகியாவும் உதவின. எஃகு ஆலைகளுக்கு இயந்திரம் செய்து தரும் 'தாய் ஆலை' என்று அந்நாளில் அதைப் போற்றினர். அப்போற்றுதல் பொய்யன்று, நாடு தன் காலில் நிற்க அது உதவிற்று. ஆனால் அதற்கென எடுத்த நிலம் முண்டா, ஒராவோன் ஊர்களின் வயல். ஆலைக்குத் தேவைப்பட்டதற்கு மேலேயே நிலம் எடுக்கப்பட்டது. ஆலை நலிந்தபின், எஞ்சிய நிலம் ஊராரிடம் திரும்பவில்லை. அதில் கிரிக்கெட் அரங்கு எழுந்தது. 2019இல் ஜார்க்கண்டின் புதிய சட்டமன்றக் கட்டடம் குட்டே என்ற ஊரின் நிலத்தில் திறக்கப்பட்டது. 2023 மே 24ஆம் நாள் உயர்நீதிமன்றத்தின் புதிய மாளிகையைத் துர்வாவில் குடியரசுத் தலைவர் திறந்துவைத்தார். அவர் வேறெவருமல்லர், 2017இல் அத்திருத்தத்தைத் திருப்பியனுப்பிய அதே திரௌபதி முர்முதான். நிலம் இழந்த குடும்பங்களின் பேரர்கள் அதே பகுதியில், எடுத்துப் பயன்படுத்தாத நிலத்தைத் திருப்பித் தருமாறு மனுக்கொடுத்தபடி வாழ்கின்றனர்.

தாய் ஆலையின் குடியிருப்பில் வளர்ந்த நம் பிள்ளைகள் பலருக்குப் பக்கத்து ஊர்க்காரரின் பேச்சு காதில் விழுந்திருக்கும். அதைக் காட்டுமொழி என்று எண்ணியிருப்பர். ஒராவோன் மக்களின் மொழி குரூக். அது திராவிட மொழி. நம் தமிழின் ஒன்றுவிட்ட தங்கை. 2011இல் ஏறத்தாழ 20 லட்சம் பேர் அதைத் தாய்மொழியாகக் குறித்தனர். அவர்கள் மொழியில் கண் 'கன்', பல் 'பல்', நீ என்பது 'நீன்'. இவற்றினும் வியப்பானது ஒன்றுண்டு. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்', கேட்பவரை நீக்கிச் சொன்னால் 'நாங்கள்' என்று தமிழில் வேறுபடுத்துகிறோமல்லவா? இந்தியிலும் வங்கத்திலும் இவ்வேறுபாடு இல்லை. குரூக்கிலோ கேட்பவரைச் சேர்த்தால் 'நாம்' என்றே சொல்கிறார்கள், நீக்கினால் 'ஏம்'. ராஞ்சியில் முப்பது ஆண்டு வாழ்ந்து இந்தியும் வங்கமும் சரளமாகக் கற்ற தமிழர், தம் வீட்டுத் தோட்டக்காரர் வாயிலிருந்து 'நாம்' என்ற சொல் வந்ததைக் கவனிக்காமலே ஓய்வுபெற்று ஊர் திரும்பியிருத்தல் கூடும். முண்டா, சந்தால், ஹோ மொழிகள் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையல்ல. அவை ஆஸ்திரோ ஆசிய இனத்தவை. அவற்றுள் சந்தாலி மொழிக்கு 1925இல் பண்டித ரகுநாத் முர்மு 'ஒல் சிக்கி' என்ற தனி எழுத்தை உருவாக்கினார். 2003இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 92ஆவது திருத்தத்தின் வாயிலாக அம்மொழி அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. நகரத்துப் பள்ளிகளில் அவ்வெழுத்து முறையாக வருமுன்பே தொழிலாளர் குடியிருப்புகளில் இரவு நேரங்களில் ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்டனர்.

நகரத்து ஆதிவாசியின் வரலாற்றில் மறக்கலாகாத ஒருவர் ஜெய்பால் சிங் முண்டா. குந்திக்கு அருகே சிற்றூரில் 1903இல் பிறந்து, ராஞ்சியில் படித்து, ஆக்ஸ்போர்டு சென்றவர். 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணியின் தலைவர் அவரே. 1939இல் ராஞ்சியில் ஆதிவாசி மகாசபையின் தலைமையை ஏற்றார். 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து நின்று, தம்மைக் காட்டான் என்று பிறர் அழைப்பதைப் பெருமையுடன் ஏற்பதாகவும், ஜனநாயகத்தை ஆதிவாசிகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை, அவர்களிடமிருந்தே பிறர் கற்கவேண்டும் என்றும் முழங்கினார். அவர் கேட்ட தனி மாநிலம் அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2000 நவம்பர் 15இல், பிர்சாவின் பிறந்தநாளன்று அமைந்தது. அம்மாநிலத்திலேயே 2011இல் பழங்குடியினர் நூற்றுக்கு 26 பேரே இருந்தனர் என்பது வேறு கதை.

ஒடிசாவின் ரூர்கேலாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மானிய உதவியோடு அமைந்த அவ்வெஃகு ஆலையின் முதல் ஊதுலை 1959இல் எரியத் தொடங்கிற்று. நிலம் இழந்தோர் ஜல்டா, ஜீர்பானி முதலிய மறுகுடியேற்றங்களில் வைக்கப்பட்டனர். அச்சுந்தர்கர் மாவட்டம் ஹாக்கி வீரர்களின் நாற்றங்கால். இந்திய அணித்தலைவராக இருந்த திலீப் திர்க்கி அம்மண்ணினர். 2023 ஜனவரியில் உலகக் கோப்பைப் போட்டிக்கென ரூர்கேலாவில் திறந்த பேரரங்குக்கு பிர்சா முண்டாவின் பெயரை இட்டனர்.

தேடி வந்தவர்களை நாம் நெருங்கிக் காண்பது தில்லியில். சிம்டேகா, கும்லா, குந்தி மாவட்டங்களிலிருந்து இளம்பெண்கள் வீட்டு வேலைக்கென அழைத்துவரப்படுகின்றனர். நடுவில் நிற்கும் தரகர், பெண்ணின் முதல் மாதங்களின் ஊதியத்தைத் தம் கணக்கில் வைத்துக்கொள்வதும், ஊருக்குத் திரும்பும் வழி தெரியாமல் அவள் தவிப்பதும் பலமுறை செய்தித்தாளில் வந்தவை. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் தேவாலய முற்றங்களில் அவர்கள் கூடிச் சாத்ரி மொழியில் பாடுவதைத் தில்லித் தமிழர் சிலர் கேட்டிருப்பர். 2011ஆம் ஆண்டுக் கணக்கில் தில்லியில் பழங்குடியினர் எத்தனை பேர் என்று பார்த்தால், ஒருவருமில்லை. காரணம் எளியது. பழங்குடிப் பட்டியல் மாநிலம்தோறும் தனித்தனியே வகுக்கப்படுகிறது. தில்லிக்கு அத்தகைய பட்டியலே இல்லை. குந்தியில் ஆதிவாசியாக ரயில் ஏறிய பெண், தில்லியில் இறங்கியவுடன் அரசின் ஏட்டில் அவ்வாறு இல்லாமற் போகிறாள். அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டங்களுக்கு அவள் முன்னோரின் உடன்பிறந்தார் சென்றபோதும் இதுவே நேர்ந்தது. பல தலைமுறைகளாக அங்கு அவர்கள் பட்டியலுக்கு வெளியிலேயே இருந்துவந்திருக்கின்றனர்.

மும்பையில் நிலை இன்னும் விசித்திரமானது. 1949இல் அமைந்த ஆரே பால் குடியேற்றத்தின் மரச்சோலைகளுக்கிடையே வார்லி, கோக்ணா மக்களின் 'பாடா' என்ற சிற்றூர்கள் இருக்கின்றன. பெருநகரத்தின் நடுவே நெல்லும் கீரையும் பயிரிட்டு வாழ்ந்த அவர்கள் அங்கே இருப்பதை, 2019 அக்டோபரில் மெட்ரோ ரயில் பணிமனைக்காக ஈராயிரம் மரங்களுக்கு மேல் வெட்டப்பட்டபோதுதான் மும்பைவாசிகளில் பலர் அறிந்தனர்.

ராஞ்சிக்கே திரும்புவோம், ஏனெனில் நகரத்துக்குள் தம் ஊரை விடாமல் பிடித்திருப்போரை அங்கேதான் காணலாம். ஒவ்வொரு 'டோலி'யிலும் ஓர் அகாரா உண்டு. அது ஆடுகளமும் ஊர்ச்சபையும் ஆகும். அறிஞர் ராம்தயாள் முண்டா, அமெரிக்காவில் பேராசிரியராக இருந்து திரும்பி, ராஞ்சிப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் ஆனவர். துணைவேந்தர் பதவியிலும் நகாராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடத் தயங்கியதில்லை. முன்னோர்க்குப் படைக்கவும் விருந்துக்கும் மட்டுமே காய்ச்சிய அரிசிக் கள்ளாகிய ஹடியாவை இன்று சாலையோரத்தில் பானை வைத்து விற்கும் பெண்களையும் அங்கேதான் காண்கிறோம். நிலம் போன வீட்டில் உலை கொதிக்க அவர்களுக்கு வேறு சரக்கு இல்லை. அவர்களைக் கண்டு முகஞ்சுளிப்போர் நம்மிலும் உண்டு.

சாலமரம் பூக்கும் பங்குனி, சித்திரைக் காலத்தில் சர்ஹுல் திருவிழா வருகின்றது. ஊர்ப் பூசாரியாகிய பாஹன், சர்ணா என்னும் புனிதத் தோப்பில் முதல்நாள் மாலை மண்குடங்களில் நீர் நிரப்பி வைப்பார். மறுநாள் நீர்மட்டத்தைப் பார்த்து அவ்வாண்டு மழை எப்படி என்று கூறுவார். வெண்மையில் செங்கரையிட்ட சேலையுடுத்த பெண்கள் கூந்தலில் சாலமலர் சூடி, மேளம் முழங்க நகர வீதிகளில் ஆடியபடி சிரம்டோலியிலுள்ள நடுச் சர்ணாத் தோப்புக்கு ஊர்வலமாகச் செல்வர். இந்த ஊர்வலத்தை 1960களில் நகர வீதிக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் கார்த்திக் ஒராவோன். அவர் இங்கிலாந்தில் அணுமின் நிலையக் கட்டுமானத்தில் பணியாற்றிய பொறியாளர். தாயகம் திரும்பி ஹட்டியாவின் அதே கனரகப் பொறியியல் கழகத்தில் உயர்பதவி ஏற்றார். பின்னர் நாடாளுமன்ற உறுப்பினராகி 1981இல் காலமானார்.

அந்தச் சிரம்டோலித் தோப்பை ஒட்டி ஒரு மேம்பாலம் கட்டத் திட்டமிட்டனர். பாலத்தின் இறங்குதளம் தோப்பின் வாயிலை அடைத்து ஊர்வலத்தின் வழியைக் குறுக்கிவிடும் என்று ஆதிவாசி அமைப்புகள் எதிர்த்தன. 2025 மார்ச்சில், சர்ஹுலுக்குச் சில நாட்களுக்கு முன், ராஞ்சியில் கடையடைப்பு நடந்தது. ஜூன் மாதத்தில் பாலம் திறக்கப்பட்டது. அதற்குக் கார்த்திக் ஒராவோன் மேம்பாலம் என்று பெயரிட்டிருக்கிறார்கள்.